எல்லையோர ஊர்களில் செல்போன் வழித் தொடர்புத் தடமறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், ஆனைக்கட்டி. தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் இந்தப் பக்கங்களில் வீடு ஒரு மாநிலத்திலும் வேலை இன்னொரு மாநிலத்திலும் இருப்பது சாதாரணம். கேரளத்தில் 2018-லிருந்து நிபா வைரஸ் நோய் பலமுறை தலைகாட்டியிருக்கிறது. 2018-ல் கோழிக்கோடு, மலப்புரம், 2019-ல் எர்ணாகுளம், 2021, 2023-ல் மறுபடி கோழிக்கோடு, 2024-ல் மலப்புரம், 2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்துக்கே வந்துவிட்டது. அப்படி ஒரு நோய் உறுதியானால் யார் யாரைக் கண்டுபிடிக்க வேண்டும், அதில் கையிலிருக்கும் போன் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று ஊர்க்காரர்களும், ஆஷா பணியாளர்களும், கிராம சுகாதார செவிலியர்களும், தன்னார்வலர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலும் நிபாவை வைத்தே சொல்லியிருக்கிறோம். மற்ற நோய்களுக்கு எது மாறும் என்பது கடைசிக்கு முந்தைய பகுதியில் இருக்கிறது.

தொடர்புத் தடமறிதல் என்றால் என்ன செய்வார்கள்?

நோய் உறுதியானவர் யாரோடு நெருங்கியிருந்தார் என்று பட்டியல் எடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு ஆபத்து என்று பிரிப்பார்கள். நோய் வெளிப்படக்கூடிய காலம் முடியும்வரை தினமும் விசாரிப்பார்கள். காய்ச்சல் வந்தால் அவர் இன்னும் நாலு பேரிடம் போவதற்குள் தனிமைப்படுத்திப் பரிசோதிப்பார்கள். நிபாவுக்கு நோயரும்பு காலம், அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரை ஆகும் காலம், பொதுவாக 4 முதல் 14 நாள். அதற்கு மேலும் சில நாள் சேர்த்து 21 நாள் கண்காணிப்பது கேரளத்தில் நடைமுறை.

இதில் செல்போனுக்கு என்ன வேலை?

நாலு வேலை. நோயாளி எங்கே போனார் என்று நினைவுபடுத்துவது, தொடர்பில் இருந்தவரைத் தேடிப் பிடிப்பது, தினமும் உடல்நிலை கேட்பது, கிடைத்த தகவலை உரியவர் கையில் சேர்ப்பது. ஆப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எல்லையோரத்தில் காரியம் கெடுவது பெரும்பாலும் நாலாவது வேலையில். பாலக்காட்டில் எழுதிய பெயர் பொள்ளாச்சிப் பக்கத்து செவிலியர் கைக்கு மூன்று நாள் கழித்துப் போனால், அதற்கு முந்தைய உழைப்பு அத்தனையும் வீண்.

ஆரோக்கிய சேது மாதிரி ஒரு ஆப் எல்லார் போனிலும் இருந்தால் போதாதா?

கோவிட் சமயத்தில் இந்த நம்பிக்கை உலகம் முழுக்க இருந்தது. சிங்கப்பூர் 2020 மார்ச் 20-ல் ட்ரேஸ்டுகெதரைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஏப்ரல் 2-ல் ஆரோக்கிய சேது வந்தது. ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து ஏப்ரல் 10-ல் ஒரு பொது ஏற்பாட்டை அறிவித்தன. மூன்றுக்கும் அடிப்படை புளூடூத். ஒரு போன் தன் ரகசிய எண்ணை ஒலிபரப்பும், பக்கத்துப் போன் அதைக் குறித்துக்கொள்ளும். பிறகு ஒருவருக்கு நோய் உறுதியானால், அவருடைய எண்களைக் குறித்து வைத்திருக்கும் போன்களுக்கு எச்சரிக்கை போகும்.

சிக்கல் எங்கே என்றால், புளூடூத்துக்குத் தூரத்தை அளக்கத் தெரியாது. வரும் சிக்னலின் பலத்தை வைத்துத் தூரத்தை ஊகிக்கிறது. அந்த அலைவரிசையை மனித உடலில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். பின்பாக்கெட்டில் போன் வைத்தவர் எதிரே ஒரு மீட்டரில் நின்றாலும் தூரத்தில் இருப்பதாகக் காட்டலாம். பஸ்ஸின் தகரச் சுவரில் அலை பட்டுத் திரும்பி, நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தவரைப் பக்கத்தில் இருப்பதாகக் காட்டலாம். பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரி மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் ஆப்பைத் தானே நிறுத்திவிடும். உரிமையாளருக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சந்திக்கும் இரண்டு பேர் போனிலும் ஆப் இருந்தால்தான் பதிவாகும். ஊரில் 100-க்கு 40 பேர் வைத்திருந்தால், இரண்டு பேரிடமும் இருக்கும் வாய்ப்பு 100-க்கு 16 தான். 60 பேர் வைத்திருந்தாலும் 36.

ஆப் உதவவே இல்லை என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 செப்டம்பரில் வந்த ஆப், முதல் ஆண்டில் சுமார் 10 லட்சம் தொற்றுகளைத் தடுத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அங்கே ஸ்மார்ட்போன் அதிகம். பரவிய நோயும் முன்பின் தெரியாதவர்களுக்கிடையே காற்று வழியாக வேகமாகப் பரவுவது. நிபா அப்படியல்ல. நோயாளியைப் பராமரித்தவர், எச்சில், வாந்தி, சிறுநீர் பட்டவர், ஒரே வார்டில் இருந்தவர் என்றுதான் பரவுகிறது. 2018-ல் பெரும்பாலானவர்களுக்கு மருத்துவமனைக்குள்தான் தொற்றியது. இவர்களைத் தேட ஓ.பி. பதிவேடும், வார்டு நர்ஸின் ஞாபகமும், நோயாளிக்குத் துணையாகக் கூட இருந்தவரின் (பைஸ்டாண்டர்) வார்த்தையும் வேண்டும். ஆரோக்கிய சேதுவின் தடமறியும் வசதியும் பின்னர் நிறுத்தப்பட்டுவிட்டது.

டவரை வைத்து யார் எங்கே இருந்தார் என்று பார்க்க முடியாதா?

நகரத்தில் டவர் சில நூறு மீட்டர் அளவில் இடம் காட்டலாம். தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் கிராமத்தில் பல கிலோமீட்டர் வித்தியாசம் வரும். எல்லையில் இன்னும் மோசம். வேலந்தாவளத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் போன் ஒரு மணி நேரம் கேரள டவரையும் அடுத்த மணி நேரம் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கலாம். அவர் எல்லை தாண்டியதாகப் பதிவு சொல்லும், அவரோ திண்ணையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

அதுவும் தவிர, சுகாதாரப் பணியாளர் அந்தப் பதிவைக் கேட்டு வாங்க முடியாது. சட்டப்படி அதிகாரம் பெற்ற புலனாய்வு அமைப்புகள் வழியாகத்தான் போக வேண்டும். கேரளத்தில் 2020 ஆகஸ்டில் கோவிட் நோயாளிகளின் அழைப்பு விவரங்களைப் போலீஸ் திரட்டியது உயர் நீதிமன்றம் வரை போனது. டவர் இருப்பிடம் மட்டும் போதும் என்று அரசு அங்கே சொன்னது. போலீஸ் வழியாகத் தேடப்பட்டவர் அடுத்த முறை சுகாதார ஆய்வாளரிடம் உண்மையைச் சொல்லத் தயங்குவார். கிடைக்கும் துல்லியத்துக்கு அது தகுதியான விலை அல்ல.

என்னை அழைத்து "இந்த நாட்களில் எங்கெல்லாம் போனீங்க?" என்று கேட்டால் போனில் எதைப் பார்க்க வேண்டும்?

இங்கேதான் போன் உண்மையிலேயே கைகொடுக்கும். நாலு நாளைக்கு முன் காலை பத்து மணிக்கு எங்கே இருந்தோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. போனுக்கு இருக்கும். முதலில் யு.பி.ஐ. பணப் பட்டியலைத் திறங்கள். டீக்கடை, மருந்துக் கடை, ஆட்டோ எல்லாம் நிமிடக் கணக்கோடு வரிசையாக இருக்கும். எல்லையோர ஊர்களில் இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. கடையின் பெயருக்குப் பதிலாகக் கடைக்காரரின் சொந்தப் பெயர் வரலாம். தொகையைப் பார்த்தால் எந்தக் கடை என்று ஞாபகம் வந்துவிடும்.

அடுத்தது எஸ்.எம்.எஸ். காரில் போனவருக்குப் பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியில் பாஸ்டேக் பிடித்த செய்தி நேரத்தோடு இருக்கும். முன்பதிவு செய்து ரயிலில் வந்திருந்தால் பெட்டி, இருக்கை எண் இருக்கும். மெமு போன்ற முன்பதிவில்லாத ரயிலுக்கு அது கிடையாது. எந்த ரயில், எந்தப் பெட்டி அளவில், எங்கே ஏறி எங்கே இறங்கினீர்கள் என்பதை நீங்களே சொல்ல வேண்டும்.

பிறகு அழைப்புப் பட்டியல், கேலரியில் இருக்கும் படங்களின் நேரம், வாட்ஸ்அப்பில் "வந்துட்டேன்", "கெளம்பிட்டேன்" என்று போட்ட செய்திகள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ போயிருந்தால் குழுவில் வந்த படங்களில் பக்கத்தில் நின்றவர்கள் தெரிவார்கள். கூகுள் மேப்ஸில் டைம்லைன் வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால் மட்டும் அதுவும் உதவும். 2024-லிருந்து அந்தப் பதிவு போனுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. இன்றைக்கு இயக்கினால் போன வாரம் தெரியாது.

பார்த்ததை ஒரு தாளில் நாள்வாரியாக எழுதுங்கள்: நேரம், இடம், கூட இருந்தவர், எவ்வளவு நேரம், எவ்வளவு நெருக்கம். கோவிட் காலத்தில் கேரள அரசு எல்லாரையும் இப்படி ஒரு டைரி எழுதச் சொன்னது. போனை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்த்து வாசித்துச் சொன்னால் போதும்.

நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால்?

நிபாவில் இது அடிக்கடி நடக்கும். மூளைக்காய்ச்சல் வந்து நினைவு தப்பிவிடும். ஆதலால் வீட்டாரையும் பைஸ்டாண்டரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் சொல்வார். அறிகுறி தொடங்கிய தேதியை முதலில் உறுதி செய்யுங்கள். "காய்ச்சல் எப்ப வந்தது?" என்று கேட்டால் ஆஸ்பத்திரிக்குப் போன நாளைச் சொல்வார்கள். "முதல்ல மாத்திரை வாங்கினது எப்ப?" என்று கேட்டால் சரியான நாள் வரும். அந்த மருந்துக் கடையும் பட்டியலில் சேரும்.

மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு, பில், ஸ்கேன் எடுத்த நேரம் ஆகியவற்றை எடுத்து சி.சி.டி.வி. பார்க்க வேண்டும். பார்க்கும்முன் அந்தப் பெட்டியின் கடிகாரத்தை உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் பின்தங்கிய கடிகாரத்தை நம்பிப் பார்த்தால் வேறு வரிசையில் நின்றவர்களைப் பட்டியலில் ஏற்றிவிடுவீர்கள். பழைய பதிவின்மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும், எனவே முதல் நாளே நகல் எடுத்துவிட வேண்டும்.

எல்லைக்கு அப்பால் இருப்பவரின் பெயரை எப்படி ஒப்படைப்பது?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

அதிகாரபூர்வ வழி மாவட்டக் கண்காணிப்பு அலுவலரிடமிருந்து மறு மாவட்டக் கண்காணிப்பு அலுவலருக்கு. அது நடக்கட்டும். அதோடு அன்றைக்கே, அந்த ஊரைப் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரடியாகவும் போன் போக வேண்டும். கேரளத்தில் பஞ்சாயத்து வார்டைக் கவனிப்பவர் ஜூனியர் ஹெல்த் இன்ஸ்பெக்டரும் ஆஷாவும். தமிழ்நாட்டில் சுகாதார ஆய்வாளரும் கிராம சுகாதார செவிலியரும். பதவிப் பெயர் ஒத்துப்போகாததால் "உங்க ஜே.எச்.ஐ. நம்பர் குடுங்க" என்று கோவை மாவட்டத்தில் கேட்டால் புரியாது. எல்லையோர நிலையங்கள், மறுபக்கத்து நிலையத்தில் யார் எந்தப் பகுதிக்குப் பொறுப்பு என்ற ஒரு பக்கப் பட்டியலை நோய் இல்லாத காலத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்துச் சரிபாருங்கள், இடமாறுதல் வந்துகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு பெயருக்கும் போக வேண்டியது: தொடர்பாளருக்குக் கொடுத்த வரிசை எண், பெயர், வயது, பாலினம், இரண்டு போன் நம்பர் (ஒன்று வீட்டிலிருக்கும் வேறொருவருடையது), அடையாளத்தோடு முகவரி, கடைசியாகத் தொடர்பிருந்த தேதி, தொடர்பின் வகை, இன்றைக்கு அறிகுறி உண்டா இல்லையா, பேசும் மொழி. கேரள முகவரியில் பஞ்சாயத்தும் வார்டு எண்ணும் இருந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். தமிழ்நாட்டில் கிராமம், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ ரேஷன் கடையோ வேண்டும். வார்டு எண்ணை மட்டும் அனுப்பினால் இங்கே யாருக்கும் விளங்காது.

அனுப்பிய பிறகு போனில் பேசி, "எட்டுப் பேர் அனுப்பியிருக்கேன், எட்டும் வந்துதா?" என்று எண்ணிக்கையைச் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்தால் ஒப்படைத்ததாக ஆகாது. மறுபக்கத்தில் ஒருவர் "நான் ஏற்றுக்கொண்டேன்" என்று சொல்லி, அவர் பெயரும் நேரமும் உங்கள் பட்டியலில் எழுதப்பட்டால்தான் ஒப்படைப்பு. அதுவரை அந்த ஆளைத் தினமும் அழைப்பது அனுப்பியவரின் பொறுப்பு. இந்த ஒரு விதியை இரு பக்கமும் ஒத்துக்கொண்டால் இடையில் யாரும் விழ மாட்டார்கள்.

ஐ.ஹெச்.ஐ.பி. என்ற மத்திய நோய்க் கண்காணிப்புத் தளம் 2021 ஏப்ரல் முதல் நாடு முழுக்க இருக்கிறது. அதில் நோய் பதிவாகிவிட்டது என்பதால் அடுத்த மாவட்டத்து செவிலியருக்குப் பெயர் போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இரண்டு பெயரில் வருகிறாரே?

வரத்தான் செய்வார். இங்கே அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல், அங்கே வீட்டுப் பெயர். ஆங்கில எழுத்தில் எழுதும்போது நாம் ஒரு மாதிரி எழுதும் லட்சுமியை அங்கே "லெக்ஷ்மி" என்று ஒலிக்கும்படி எழுதுவார்கள். செந்திலின் "ந்தி"யும் பழனியின் "ழ"வும் ஊருக்கு ஊர் வேறு. பெயரை வைத்து ஒப்பிட்டால் ஒருவரை இரண்டு பேராக எண்ணுவீர்கள், அல்லது இரண்டு முத்துலட்சுமிகளை ஒருவராக்கிவிடுவீர்கள். பின்னது ஆபத்து. போன் நம்பரின் கடைசிப் பத்து இலக்கம், வயது, கடைசித் தொடர்பு தேதி மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் ஒரே ஆள். ஒரே நம்பரில் ஐந்து பேர் இருப்பது குடும்பத்தில் சகஜம், எனவே நம்பர் மட்டும் போதாது.

எக்செல்லில் பட்டியல் வைத்தால் என்ன கெடும்?

நிறையக் கெடும், அதுவும் சத்தமில்லாமல். +91 சேர்த்த நம்பரை எண்ணாக எடுத்துக்கொண்டு 9.19 என்று தொடங்கும் சுருக்கமாகக் காட்டும். அப்படியே சேமித்து அனுப்பினால் கடைசி இலக்கங்கள் போய்விடும். நம்பர் நிரலை முதலிலேயே "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தேதியில் 03/09 என்பது ஒரு கணினியில் செப்டம்பர் 3, இன்னொன்றில் மார்ச் 9. மாதத்தை எழுத்தில் எழுதினால் குழப்பமில்லை. தமிழிலோ மலையாளத்திலோ இருக்கும் சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எழுத்து சிதையும். "டேட்டா" பகுதியில் போய், யு.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுத்து உள்ளே கொண்டுவர வேண்டும். ஒரு நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் ஒருவர் பெயருக்கு இன்னொருவர் நம்பர் போய் உட்காரும். இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தினமும் மாலையில் ஒரு நகலைத் தேதியிட்டுத் தனியாக வைப்பதுதான் காப்பு.

50 பேர் வரை எக்செல் தாங்கும். நூறைத் தாண்டி, ஒருவரே இரண்டு நோயாளிகளுக்குத் தொடர்பாக இருக்கும் நிலை வந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் கோ.டேட்டா போன்ற மென்பொருள் நல்லது. இலவசம். யாரிடமிருந்து யாருக்கு என்ற சங்கிலியைப் படமாகக் காட்டும், அன்றன்றைக்கு அழைக்க வேண்டியவர் பட்டியலைத் தானே எடுத்துத் தரும். ஆனால் நோய் வந்த அன்றைக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள உட்காராதீர்கள். தெரிந்த எக்செல், தெரியாத மென்பொருளைவிட அன்றைக்கு மேல்.

தினமும் போனில் என்ன கேட்பார்கள்?

முதல் அழைப்பு அரை மணி நேரம் எடுக்கும். பிறகு தினமும் நாலைந்து நிமிடம். எழுதும் நேரத்தையும் சேர்த்தால் ஒருவருக்கு எட்டு நிமிடம். நாலு மணி நேரத்தில் ஒருவர் 30 பேரைத்தான் ஒழுங்காக விசாரிக்க முடியும். அறுபது பேரைக் கொடுத்தால் கேட்காமலே "நலம்" என்று எழுதும் நிலைமை வந்துவிடும். அது பணியாளரின் குற்றமல்ல, கணக்குப் போட்டவரின் குற்றம்.

பேச்சு இப்படிப் போகலாம்: "அம்மா, வணக்கமுங்க. ஹெல்த் சென்டர்ல இருந்து பேசறனுங்க, நேத்துப் பேசினமே. சாப்பிட்டீங்களா? காலைல தெர்மாமீட்டர் வெச்சீங்களா, எவ்வளவு காட்டுச்சு? தலைவலி, இருமல், மூச்சு வாங்கறது ஏதாச்சும் இருக்குதுங்களா? வீட்டுல வேற யாருக்காச்சும்?" எண்ணைக் கேட்க வேண்டும். "காய்ச்சல் இல்லீங்களே?" என்று கேட்டால் "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். பேச்சில் தடுமாற்றமோ குழப்பமோ தெரிந்தால் அதுவே அறிகுறி. உடனே வீட்டில் வேறொருவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். இதனால்தான் 1, 2 அழுத்தச் சொல்லும் தானியங்கி அழைப்பை மட்டும் நம்பக் கூடாது என்கிறோம். அதற்குக் குரல் தடுமாறுவது கேட்காது.

அரிசி, மருந்து, மாட்டுக்குத் தீவனம் என்று என்ன தேவை என்றும் கேளுங்கள். தனிமையில் இருப்பவர் வெளியே வருவது பெரும்பாலும் கறவைக்கும் கூலிக்கும்தான்.

போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார்களே?

தெரியாத நம்பர் என்றால் இன்றைக்கு யாரும் எடுப்பதில்லை. அழைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், யார், எந்த நிலையம், எத்தனை மணிக்கு அழைப்பேன் என்று. தினமும் ஒரே நம்பரிலிருந்து, ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். மில் வேலைக்காரருக்கு ஷிப்ட் முடிந்த பிறகுதான் போன் கையில் இருக்கும். அன்றைக்குக் காலையும் மதியமும் எடுக்கவில்லை என்றால் வீட்டிலிருக்கும் இரண்டாவது நம்பர். அதிலும் இல்லை என்றால் அன்று மாலைக்குள் ஆள் நேரில் போக வேண்டும். "எடுக்கவில்லை" என்று எழுதி மறுநாளுக்குத் தள்ளுவது நிபாவில் கூடாது. சுவிட்ச் ஆஃப் ஆன போனுக்குச் சொந்தக்காரர் காய்ச்சலோடு படுத்திருக்கலாம்.

நெட்வொர்க் இல்லாத இடத்தில்?

அட்டப்பாடி ஊர்கள், நெல்லியாம்பதி எஸ்டேட்டுகள், ஆனைக்கட்டி மலையோரம். ஓ.டி.கே., கோபோ போன்ற படிவ ஆப்களில் சிக்னல் இல்லாமலே நிரப்பிச் சேமிக்கலாம், டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் போகும். வெற்றுப் படிவத்தை மலை ஏறுவதற்கு முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மேலே போய் நிற்பவர்கள் அதிகம். ஜி.பி.எஸ். குறிக்கும்போது மரத்தடியை விட்டு வெட்டவெளிக்கு வந்து, துல்லியம் 5 மீட்டருக்குக் கீழே வரும்வரை நில்லுங்கள். கூடவே ஒரு நோட்டும் பேனாவும். பேட்டரி தீர்ந்தால் அதுதான் துணை. அந்த ஊரிலேயே ஒருவரைப் பொறுப்பாக்கி, சிக்னல் கிடைக்கும் மேட்டிலிருந்து தினமும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்வதும் நன்றாக நடக்கிறது. மிஸ்டு கால் வராத நாளில் ஜீப் கிளம்ப வேண்டும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர் விடுபட்டுவிடுவாரா?

மேலே சொன்ன வேலைகளில் முக்கால்வாசிக்குப் பட்டன் போன் போதும். ஆரோக்கிய சேதுவுக்கேகூட 2020 மேயில் 1921 என்ற நம்பருக்கு மிஸ்டு கால் கொடுக்கும் ஏற்பாடு வந்தது.

அழைப்பவர் உண்மையான சுகாதாரப் பணியாளர்தானா?

ஓ.டி.பி., வங்கிக் கணக்கு, பணம், ஏதோ ஒரு லிங்கிலிருந்து ஆப் இறக்குவது: இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056 அழைத்து விசாரிக்கலாம். உங்கள் ஊர் செவிலியரையோ ஆஷாவையோ கேட்பது அதைவிட எளிது. பணம் போய்விட்டால் 1930.

என் விவரம் யார் கைக்குப் போகும்?

உங்களைக் கண்காணிக்கும் பணியாளர், நிலைய மருத்துவர், மாவட்டக் கண்காணிப்புப் பிரிவு. அதற்கு மேல் போகத் தேவையில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அரசு தகவல் திரட்டுவதற்கு 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் திரட்டியதைத் தெருவில் போடுவதற்கு இல்லை. கேரளத்தில் 2020 ஏப்ரலில் கோவிட் விவரங்கள் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போனது வழக்கானபோது, பெயர் அடையாளங்களை நீக்கிய பிறகே தரவேண்டும் என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

பணியாளர்களுக்கு: பெயர்ப் பட்டியலைப் படமெடுத்துக் குழுவில் போடாதீர்கள். குழுவில் வரிசை எண் மட்டும், பெயரும் நம்பரும் ஒருவருக்கு ஒருவர் மட்டும். கோப்புக்குக் கடவுச்சொல் போட்டு, கடவுச்சொல்லை வேறு வழியில், பேச்சில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பு போனின் சேமிப்பிலும் தனியாக இருக்கும். செய்தியை அழித்தால் அது அழியாது, அங்கேயும் போய் அழிக்க வேண்டும். ஒரு பட்டியல் வெளியே கசிந்தால் அந்த வீட்டுக்குப் பால் வாங்க வர மாட்டார்கள், பிள்ளையைப் பள்ளியில் தள்ளி உட்காரவைப்பார்கள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தன் காய்ச்சலை மறைப்பார்.

அரசு வெளியிடும் ரூட் மேப்பில் என் இடம் இருந்தால்?

2020 மார்ச்சில் பத்தனம்திட்டாவில் தொடங்கி கேரளம் இதைப் பல முறை செய்திருக்கிறது. நோயாளியின் பெயர் இல்லாமல், இடமும் நேரமும் மட்டும் இருக்கும். நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். காலை 10 முதல் 10.30 வரை என்று போட்ட ஆஸ்பத்திரிக்கு நீங்கள் மாலையில் போயிருந்தால் பதற வேண்டாம். அந்த நேரத்தில் அங்கே இருந்திருந்தால், தமிழ்நாட்டில் குடியிருந்தாலும் அழைத்துச் சொல்லுங்கள். கேரளத்து மேப் தமிழ்நாட்டுக்காரருக்கு இல்லை என்று நினைப்பது இந்தப் பகுதியில் அடிக்கடி காணும் தவறு. மேப்பைப் பகிரும்போது முழுதாக, தேதி தெரியும்படி பகிருங்கள். பழைய மேப்புகள் அடுத்த ஆண்டு புதிதுபோல் சுற்றுகின்றன.

காசநோய், தட்டம்மைக்கும் இதே முறையா?

கேள்விகள் மாறும். நிபாவில் அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து பார்க்கிறோம். கோவிட்டில் அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து. தட்டம்மையில் தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்பு வரை, அதிலும் தொடர்பிருந்த குழந்தைக்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் தடுக்கலாம் என்பதால் போன் சில மணி நேரத்தில் போக வேண்டும். காசநோயில் அவசரம் அந்த வகை அல்ல. பல வாரங்கள் ஒரே வீட்டில், ஒரே காற்றில் இருந்தவர்கள் யார் என்பதே கேள்வி. பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரைத் தேடுவதில்லை. காசநோயாளிகளைப் பதிவு செய்ய மத்திய அரசின் நிக்‌ஷய் தளம் 2012-லிருந்து இருக்கிறது. சிகிச்சையின் நடுவில் வேலைக்காக எல்லை தாண்டுபவர் கிளம்பும் முன் சொன்னால், அதே நிக்‌ஷய் எண்ணோடு மறுபக்கத்து நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். மாத்திரை விடுபடாது.

21 நாள் எப்படி எண்ணுவது? முடிந்ததும் என்ன?

கடைசியாகத் தொடர்பிருந்த நாள் பூஜ்யம். செப்டம்பர் 3-ல் கடைசியாகப் பார்த்திருந்தால் 24-ஆம் தேதி 21-ஆவது நாள். பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து எண்ணுவது தவறு. அப்படி எண்ணினால் ஒருவாரம் வீணாக வீட்டில் இருக்க நேரிடும். இடையில் மறுபடி நோயாளியோடு தொடர்பு ஏற்பட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து. கடைசி நாளில் பணியாளர் அழைத்து "முடிந்தது" என்று வாயால் சொல்ல வேண்டும், எல்லை தாண்டி ஒப்படைக்கப்பட்டவர் என்றால் பட்டியலை முதலில் அனுப்பிய நிலையத்துக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். வேலை கொடுப்பவரிடம் காட்டக் கடிதம் வேண்டுமென்றால் அந்த அழைப்பிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.